டயாலிசிஸ் பிரிவு திறப்பு விழா

ஜூலை 7, திங்கள்

விடியும்போதே வேர்வை. இலை அசையவில்லை. மணலிப் பக்கத்து ஆலைகளின் கேஸ் நாற்றம், ஜன்னலைச் சாத்தினாலும் மூக்குக்குள். இவருக்கு (ரயில்வேயில் ரிடையர் ஆனதிலிருந்து வாய் மட்டும்தான் டியூட்டியில்) காபியில் சர்க்கரை பத்தலையாம்.

செய்ய வேண்டியது: தையல்காரரிடம் பட்டு பிளவுஸ். முட்டி வலி மாத்திரை. விழா மலருக்குக் கல்லூரி வரலாறு, நாலு பக்கம்.

கடைசி வேலை சேர்மன் என் தலையில் கட்டியது. "ரீட்டா மேடம், ஆரம்பத்துலேர்ந்து இருக்கிறவங்க நீங்க ஒருத்தர்தான். நீங்களே எழுதிடுங்க." இனி சே. என்று எழுதுகிறேன். முழுசாக எழுதும் அளவுக்கு அந்த ஆள் மேல் பிரியம் இல்லை.

ஒருத்தர்தான் என்பது பொய். தேசம்மா அக்கா இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள்.

பதினெட்டாம் தேதி டயாலிசிஸ் பிரிவு திறப்பு. மெஷின்களை இலவசமாகக் கொடுத்த கம்பெனி டைரக்டர் மும்பையிலிருந்து வருகிறார். காலேஜே பெயிண்ட் வாசனை.

பிரின்சிபால் ரூம் மே மாதத்திலிருந்து காலி. ஃபேன் ஓடுகிறதா பார்ப்பது போல உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல நாற்காலி. என்னுடையது மாதிரி முதுகைக் குத்தவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வரலாறு எழுத உட்கார்ந்தேன். எதை எழுத, எதை விட.

காலேஜ் தொடங்கிய இடம்: முகத்துவாரக்குப்பம். வலை போட்டு வைக்கும் கொட்டகை. மழை வந்தால் ஒரு மூலை ஒழுகும். தேசம்மா அக்கா அப்போது ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கூடை கொண்டு வருவாள். நான் தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஒரு நாள் சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "டீச்சரே, நம்ம புள்ளைங்க ஆஸ்பத்திரில தொடப்பம்தான் புடிக்கணுமா? ஊசி புடிக்கக் கூடாதா?"

நான் டீச்சரே இல்லை. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் ஆனேன்.

படகுக்கு ஒரு கூடை மீன் காலேஜுக்கு என்று ஏலத்தில் தனியாக எடுத்து வைத்தார்கள். கோயிலில் கூட்டம் போட்டு அவள்தான் பேசினாள். எங்கள் சர்ச்சிலிருந்து பழைய பெஞ்சுகள். ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் மைக்ராஸ்கோப் தந்தார். முதல் பேட்ச், கொட்டகைக்குள் விரல் விட்டு எண்ணலாம்.

ரத்தம் எடுத்துப் பழக ஆள் கிடையாது. தேசம்மா அக்கா முதல் ஆளாகக் கையை நீட்டினாள். "குத்துங்கடி. எத்தினி முள்ளு குத்திகீது, இது இன்னா பெரிய ஊசி." அவளுக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள் வரிசை. முழங்கை மடிப்பு பூரா நீலமாகக் கன்றிப்போய் மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பார்கள். வாங்க வந்தவர்கள் புருஷன் அடித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கைகளில் படித்தவர்கள்தான் இப்போது பாதி வடசென்னை லேப்களில்.

பிறகு எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர் கோர்ஸ், பல்கலைக்கழக அங்கீகாரம், ஹைரோட்டில் மூணு மாடி. மாத்தூர், மாதவரத்திலிருந்து காலேஜ் பஸ்ஸில் பிள்ளைகள். குப்பத்துப் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைவு. இந்த வரியை எழுதி, அடித்துவிட்டேன். நானே அடித்துவிட்டால் சே.க்கு ஒரு வேலை மிச்சம்.

ஜூலை 9, புதன்

லேசாகத் தூறி நின்றுவிட்டது. புழுக்கம் இன்னும் மோசம்.

சே. சிவப்புப் பேனாவோடு. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஏஜென்டாக இருந்து டிரஸ்டுக்குள் வந்தவர். எதைப் பார்த்தாலும் பாதியை இறக்கிவிட்டு மீதியை ஏற்றுவார்.

"கொட்டகை எதுக்கு? எளிய தொடக்கம்னு போடுங்க."

"தேசம்மா பேரு சார்?"

"உள்ளூர் மகளிர்னு போடுங்க. ஒருத்தி பேரப் போட்டா இன்னொருத்தி சண்டைக்கு வருவா."

டிரஸ்ட் கூட்டத்தில் அவளுக்கு இருந்த நாற்காலியை எடுத்ததும் இதே ஆள்தான். உடம்பு சரியில்லாதவங்களைத் தொந்தரவு பண்ண வேணாம் என்ற கரிசனம். ரெண்டு வருஷமாக அவளுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. செவ்வாய், வெள்ளி பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

உள்ளூர் மகளிர் என்பதை மீனவ மகளிர் என்று மாற்றி அச்சுக்கு அனுப்பினேன். என் வீரம் அவ்வளவு.

ஜூலை 11, வெள்ளி

பேச்சுத் திருத்த வகுப்பு. நான்தான் எடுக்கிறேன். இன்னா, கீது, வந்துகினு என்று வாயில் வந்தால் வகுப்பு முடியும்வரை வராந்தாவில் நிற்க வேண்டும். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத்தான் இதில் கண்டிப்பு அதிகம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

இன்று மாட்டியது கலைவாணி. டயாலிசிஸ் கோர்ஸ் ரெண்டாம் வருஷம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. வீட்டில் புத்தர் படம் வைத்துக் கும்பிடுகிறவர்கள். நன்றாகப் படிப்பாள், வாய் அடங்காது.

"மிஸ், வார்டுல 'இன்னாம்மா பண்ணுது'ன்னு கேட்டாத்தான் பாட்டிங்க வாயத் தொறக்குறாங்க. நீங்க சொல்லிக் குடுத்தாப்ல கேட்டா, 'டாக்டரம்மா கைல சொல்லிக்கிறேன்'னு திரும்பிப் படுத்துக்கிறாங்க."

வகுப்பே சிரித்தது. வெளியே அனுப்பினேன். பெல் அடித்ததும் என் பின்னாலேயே வந்தாள். அவளுக்குப் பெரியாஸ்பத்திரியில்தான் பயிற்சி.

"மிஸ், தேசம்மா அக்காவுக்குக் கால் வீங்குது. தண்ணி குடிச்சிடுது. கேட்டா, தாகத்துல நாக்கு ஒட்டிகினு போவுது, நீ குடிக்காம இருந்து பாருடின்னுது."

"ஒட்டிக்கொள்கிறது என்று சொல்," என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜூலை 14, திங்கள்

பிளவுஸ் கை இறுக்கம். பிரித்துத் தைக்கக் கொடுத்தேன்.

சே. கூப்பிட்டார். "டைரக்டர் உள்ள வர்றப்போ மெஷின் சும்மா நின்னா நல்லாருக்காது. ஒரு பேஷண்ட் படுத்திருக்கணும். போட்டோல உயிர் இருக்கும். உங்க தேசம்மாவக் கேளுங்களேன். பவுண்டர்னும் சொல்லிக்கலாம்."

மலரில் பேரை எடுத்தவர் போட்டோவுக்கு ஆளைக் கேட்கிறார்.

"சார், சுத்திகரிச்ச தண்ணி லைன் இன்னும் கனெக்ஷன் குடுக்கல. மெஷின் ஓடாது."

"ஓட வேணாம். ஸ்கிரீன்ல லைட் எரியும்ல? போதும்."

"வெள்ளிக்கிழமை அவங்க ஆஸ்பத்திரிக்குப் போற நாள்."

"விழா முடிஞ்சதும் நம்ம ஆம்புலன்ஸ்ல அனுப்பிடுங்க. ராணி மாதிரி போகட்டும்." கதவுவரை வந்தவர், "அப்புறம், பிரின்சிபால் ஆர்டர் டைப் ஆயிட்டு இருக்கு மேடம். வெளிய சொல்லாதீங்க."

வீட்டுக்கு வரும் வழியில் இவருக்கு அரைக் கிலோ அல்வா வாங்கினேன். "இன்னாடி விசேஷம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 16, புதன்

முகத்துவாரக்குப்பம் போனேன். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீர், காற்றில் கருவாட்டு வாடை. தேசம்மா அக்கா வாசல் நிழலில் உட்கார்ந்து ஐஸ் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிச் சப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான் கணக்கு. கை கால் குச்சி. முகம் மட்டும் உப்பி.

"வா டீச்சரே. எம் புள்ளைங்க எப்டி கீதுங்க?" காலேஜ் பிள்ளைகளைத்தான் கேட்கிறாள்.

சொன்னேன். டயாலிசிஸ் மெஷின் வந்திருக்கு, திறப்பு விழா, முதல் ஆளாக நீங்க படுக்கணும்.

அப்படியே அழுதுவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று தெரிந்தேதான் வந்தேன், இருந்தாலும்.

"அப்போ இனிமே ராயபுரம் வரைக்கும் பஸ்ல மூச்சு வாங்கிகினு போவ வேணாமா? நம்ம வூட்டுலயே போட்டுக்கலாமா?"

நம்ம வீடு. காலேஜை அப்படித்தான் சொல்வாள்.

"ஆமாக்கா. வெள்ளிக்கிழமை இங்கயே போட்டுடலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன். "ஆம்புலன்ஸ்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம்" என்றுதான் சொல்ல வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு சொல்லிவிட்டது. திருத்தவில்லை. திருத்தினால் ஆயிரம் கேள்வி கேட்பாள்.

மகன் எல்லப்பன் டிரெய்லர் லாரி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்தான். துறைமுகத்து வாசலில் ராவெல்லாம் லாரி வரிசையில் நின்ற கண். "டீச்சர் சொன்னா சரிதாம்மா," என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

ஜூலை 17, வியாழன்

ஒத்திகை. மெஷின் டியூப் வெறுமையாக இருந்தால் போட்டோவில் தெரியுமாம். கேன்டீனிலிருந்து சிக்கன் 65க்குப் போடும் கலர் பவுடரை வாங்கித் தண்ணீரில் கரைத்து டியூபில் நிரப்பினோம். அசல் ரத்தம் மாதிரியே இருந்தது. ஊசி கிடையாது, கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவது. யோசனை என்னுடையது. சே. கை தட்டினார்.

கலைவாணி டியூபைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னா மிஸ் இது, டிராமாவா?"

"விழா."

"அக்கா நெஜம்னு நெனச்சிகினு வருது."

"முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறோம். உன் வேலையைப் பார்."

பிளவுஸ் இப்போது சரி.

ஜூலை 18, வெள்ளி

சாயங்காலம் எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

காலையில் வெயில் ஏறும் முன்பே தேசம்மா அக்கா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மஞ்சள் பூசிய முகம், புதுச் சேலை. வாட்ச்மேன் புது ஆள், பின் கேட்டைக் காட்டினான். பின் கேட்டு வழியாகவே வந்தாள். புது பிளாக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், டைல்ஸைத் தடவினாள். கட்டிலில் படுக்க வைத்தோம். டியூபை ஒட்டும்போது, "ஊசி குத்தலியே டீச்சரே?" என்றாள்.

"அப்புறம்தான்க்கா."

டைரக்டர் விமானம் லேட். பதினொன்று, பன்னிரண்டு. ஏ.சி. குளிரில் அவளுக்கு நடுக்கம். போர்வை கேட்டாள். சேலை தெரியாது என்று சே. வேண்டாம் என்றார்.

மதியம் அவளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. கலைவாணி ஓடிவந்தாள். "மிஸ், பெரியாஸ்பத்திரில கேட்டுட்டேன். ரெண்டு மணி ஷிஃப்ட்ல ஒரு எடம் கீது. இப்பவே அனுப்பிடுங்க மிஸ்."

சே.யிடம் போனேன். "ஏர்போர்ட்லேர்ந்து கிளம்பிட்டாங்க. அரை மணி நேரம். பிரின்சிபாலா வரப்போறவங்க இப்டிப் பதறலாமா?"

திரும்பி வந்து, "அரை மணி நேரம்," என்றேன். அதே குரலில். எனக்கே கேட்டது.

மூன்று மணிக்கு மேல்தான் கார். மேளம், பூரணகும்பம், ரிப்பன். ஹால் நிறைய ஆள். டைரக்டருக்கு இளநீர். அவர் நல்ல மனுஷன், கட்டில் அருகே வந்து, அம்மாவுக்கும் ஒன்று கொடுங்கள் என்றார். சே. தானே ஒரு காயை வாங்கி ஸ்ட்ரா போட்டு அவள் வாய் அருகே பிடித்தார். போட்டோக்காரன் முட்டி போட்டான்.

கிட்னி போனவர்களுக்கு இளநீர் விஷம். அதில் இருக்கும் பொட்டாசியம் வெளியேற வழி இல்லாமல் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். முதல் வருஷமே நான் நடத்தும் பாடம். தேசம்மா அக்காவுக்கும் தெரியும், ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் உடனே வாயை வைக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள்.

"டீச்சரே, குடிக்கலாமா?"

சத்தமாகக் கேட்கவில்லை. உதடுதான் அசைந்தது. ரெண்டு வருஷத் தாகம் அந்த முகத்தில்.

சே. என்னைப் பார்த்தார். டைரக்டர் பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.

"அக்கா, குடிக்காதே! அது உனக்கு விஷம்!" கலைவாணி பின் வரிசையிலிருந்து. ஹால் முழுக்கத் திரும்பியது. ரெண்டு பேர் அவளை வெளியே இழுத்தார்கள். சே. சிரித்துக்கொண்டே, "ஸ்டூடண்ட்ஸ் ரொம்ப எமோஷனல்," என்றார். தேசம்மா அக்கா அதற்குள் குடிக்க ஆரம்பித்திருந்தாள். ஸ்ட்ராவைத் தள்ளிவிட்டுக் காயை இரண்டு கையாலும் பிடித்து அண்ணாந்து குடித்தாள். பிளாஸ்திரி பிய்ந்து டியூப் தொங்கியது. கழுத்தில் தண்ணீர் வழிந்தது. யாரோ கை தட்டினார்கள்.

"இன்னொன்னு கெடைக்குமா நைனா?"

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொன்று வெட்டினார்கள்.

நன்றியுரை என்னுடையது. மேடைக்குப் போகும்போது அவள், "கால் மரத்துகினு வருது டீச்சரே," என்றாள். இதோ வந்துடறேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனேன். மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது போன் நடுங்கியது. கலைவாணி. கட் பண்ணினேன். மறுபடி. ஆஃப் பண்ணினேன். டைரக்டரின் தாய், தகப்பனாருக்குக்கூட நன்றி சொன்னேன்.

ஆம்புலன்ஸை விழாவுக்காகப் பூவால் அலங்கரித்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடி மறைக்கிறது என்று டிரைவர் சாமந்திச் சரத்தைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே ஓட்டினானாம். எண்ணூர் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி. கலைவாணிதான் அக்காவை அதில் ஏற்றி, உள்ளே மண்டி போட்டு நெஞ்சை அமுக்கிக்கொண்டே போயிருக்கிறாள். பெரியாஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பந்தியில் எனக்குச் செய்தி வந்தது. கையில் பிரியாணித் தட்டு. எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஏன் என்னைப் பார்த்தாள்? அத்தனை பேர் இருந்தார்கள். சே.யைக் கேட்டிருக்கலாமே.

ஜூலை 19, சனி

மேகமூட்டம். மதியம் எடுத்தார்கள். குப்பத்தில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை.

காலேஜ் வாசலில் உடலைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்க வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். அவள் கட்டின வூடு என்றார்கள். மெஷின் கம்பெனி ஆட்கள் உள்ளே இருந்ததால் சே. முடியாது என்றார். கேட்டைச் சாத்தச் சொல்லி என்னிடம் சொன்னார், நான் வாட்ச்மேனிடம் சொன்னேன். ஊர்வலம் கேட்டுக்கு முன்னால் நின்றது, பறை நிற்கவில்லை, பிறகு நகர்ந்தது.

சே. மலர் வளையத்தோடு மயானம் வந்தார். எல்லப்பன் தோளில் கை போட்டுச் சொன்னார். "அம்மா சந்தோஷமா இளநி குடிச்சுட்டு இருந்தாங்கப்பா. அந்தப் பொண்ணு பிசாசு மாதிரி கத்துச்சு பாரு, விஷம்னு. அந்த அதிர்ச்சிதான். வீக்கான இதயம், தாங்கல."

"எந்தப் பொண்ணு சார்?"

"கலைவாணின்னு. வியாசர்பாடி."

எல்லப்பன் என்னைப் பார்த்தான். நான் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். கம்பி மாட்டிக்கொண்டது.

திரும்பி வரும்போதே பின்னால் பேச்சு கேட்டது. "நம்ம ஆளா இருந்தா அப்டிக் கத்துவாளா?" "வாயில நல்ல வார்த்த வருமா அதுங்களுக்கு."

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. நற்கருணை வாங்க எழுந்தேன், பாதி வரிசையில் முட்டி வலி என்று உட்கார்ந்துவிட்டேன். இவர் என்னவென்று கேட்டார். முட்டி என்றேன்.

தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

விசாரணை. சே., அக்கவுண்டன்ட், நான். கலைவாணி எதிரில். யூனிபார்ம் இஸ்திரி போட்டு வந்திருந்தாள். விருந்தினர் முன்னால் ஒழுங்கீனம், மரணத்துக்குக் காரணமான பீதி. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் சஸ்பெண்டோடு போகும்.

"நான் கத்துனது நெசம் சார். அக்கா செத்தது இளநியால. போடாத டயாலிசிஸால."

"டாக்டரா நீ?"

"இல்ல சார். ஆனா ரீட்டா மிஸ் கைல அக்கா கேட்டுச்சு. மிஸ் தலையாட்டுனாங்க. நான் பாத்தேன்."

அக்கவுண்டன்ட் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார்.

"மேடம்?" என்றார் சே.

"என்கிட்ட யாரும் எதுவும் கேட்கல," என்றேன்.

கலைவாணி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை, ஏதோ கணக்கு ஒத்துவராத மாதிரி.

"பொட்டாசியம் பாடம் நீங்கதான் மிஸ் எடுத்தீங்க. நல்லா எடுத்தீங்க."

வெளியே போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

நீக்கம் என்று முடிவு. மூன்று பேரும் கையெழுத்து. சே. டீ வரவழைத்தார். "எந்த ஏரியான்னு கேட்டப்பவே தெரியும் எனக்கு," என்றார். அக்கவுண்டன்ட் சிரித்தார். நானும் லேசாக.

ஜூலை 28, திங்கள்

நல்ல காற்று. கடல் பக்கத்திலிருந்து.

ஆர்டர் வந்தது. பிரின்சிபால். இன்று முதல். புது பிளாக்குக்குத் தேசம்மா பெயர் வைப்பதாகவும் தீர்மானம். வாசலில் பெரிய போட்டோ, அவள் இளநீர் குடிப்பதுதான். அதைவிட நல்ல போட்டோ இல்லையாம், அவ்வளவு சந்தோஷம் முகத்தில்.

வேறு போட்டோ தேடச் சொல்லலாம் என்று எழுந்தேன். முதல் நாளே எதிர்த்துப் பேசினால் நன்றாக இருக்காது. உட்கார்ந்தேன்.

ஸ்டாஃப் எல்லோரும் கைகுலுக்கினார்கள். லட்டு. இவரும் மதியம் காலேஜுக்கே வந்து நாற்காலியை அமுக்கிப் பார்த்தார். "பஞ்சு நல்லாருக்கு," என்றார்.

தண்ணீர் லைன் கனெக்ஷன் கொடுத்துவிட்டார்கள். மெஷின் இப்போது ஓடுகிறது.

ஜூலை 31, வியாழன்

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் குப்பத்துப் பெண்கள் இரண்டு பேர். என்னைப் பார்க்கவில்லை.

"நம்ம பசங்க அவ வூட்டாண்ட போயி நாறடிச்சிட்டு வந்தானுங்களாம்."

"அவ ஆத்தா கால்ல வுழுந்து அழுதாளாமே."

"வுழட்டும். தேசம்மா போச்சே."

இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். கலைவாணி எண் போனில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். என்ன பேசுவது. வேலைக்கு எங்காவது சொல்லிவிடலாம், மாத்தூரில் தெரிந்த டயாலிசிஸ் சென்டர் இருக்கிறது. ஆனால் ஏன் நீக்கினீர்கள் என்று கேட்பார்கள்.

போனைப் பைக்குள் போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூட்டம், மழை இல்லை. பூசை முடிந்து வந்து சமையலை ஆரம்பிக்கும் முன் வாசலில் எல்லப்பன். மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. கையில் வாழையிலையில் சுற்றிய பொட்டலம். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. படியிலேயே நின்றான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுப்பா."

"அந்தப் பொண்ணு வூட்டாண்ட நாங்க போயி கலாட்டா பண்ணோம். அவங்க அம்மா என் கால்ல வுழுந்துச்சு. அந்தப் பொண்ணு கதவாண்ட நின்னுகினு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சு. 'உங்கம்மா டீச்சரக் கேட்டுட்டுத்தான் குடிச்சாங்க, போயி அவங்களக் கேளு'ன்னு. அதுலேர்ந்து தூக்கமே வரல. லாரி ஓட்டச் சொல்லோகூட அதே நெனப்பா கீது."

தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணி. எதிர் வீட்டுப் பிள்ளை ஓடியது.

"எங்கம்மா உங்களப் பாத்துக் கேட்டுச்சா டீச்சர்?"

அவன் கண்கள் அவளுடையவை. இதுவரை கவனித்ததில்லை. அதே மாதிரி, கூட்டத்தில் தேடி ஒருத்தரிடம் வந்து நிற்கும் கண்.

சொல்லிவிடலாம் என்று இருந்தது. தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் இவன் என்ன செய்வான்? அடிக்க மாட்டான். அங்கேயே உட்கார்ந்து அழுவான். அதற்கப்புறம் நான் எங்கே போவேன்?

"இல்லப்பா," என்றேன். "நான் ரொம்பத் தள்ளி நின்னேன். என்கிட்ட ஒண்ணும் கேட்கல."

பெருமூச்சு விட்டான். தோள் தளர்ந்தது. "தெரியும் டீச்சர். எங்கம்மாவுக்கு நீங்கன்னா உசுரு. உங்களக் கேட்டிருந்தா நீங்க வேணாம்னு தடுத்திருப்பீங்க. அந்தக் கழுத பேச்சக் கேட்டு உங்களச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"பரவால்லப்பா."

"நாங்க அங்க போனது தப்பா டீச்சர்?"

"தப்பில்ல," என்றேன். வாய் தானாகச் சொன்னது.

பொட்டலத்தைக் கொடுத்தான். வஞ்சிரம், நடுத்துண்டுகள். "அம்மா இருந்தா இத உங்களுக்குத்தான் எடுத்து வெச்சிருக்கும்." குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். காலை இழுத்துக்கொள்ள நினைத்தேன். நகரவில்லை. தெரு முனைவரை இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனான்.

இவர் உள்ளேயிருந்து: "யாருடி வாசல்ல, இவ்ளோ நேரமா?"

"மீன்காரன்," என்றேன்.